ஒரு இணைப்பில் குட்வில் இருக்கிறது, இன்னொன்றில் ஏன் இல்லை?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு சின்னக் கேள்வி. 2020-இல் இந்துஸ்தான் யூனிலீவர், ஹார்லிக்ஸ் தயாரித்த கிளாக்ஸோஸ்மித்க்ளைன் கன்ஸ்யூமர் ஹெல்த்கேர் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது அதன் இருப்புநிலைக் குறிப்பில் பதினேழாயிரம் கோடிக்கு மேல் குட்வில், அதாவது கொடுத்த விலையில் தனியாக அடையாளம் காட்ட முடிந்த நிகர சொத்து போக மிஞ்சுகிற தொகை, வந்து உட்கார்ந்தது. 2023-இல் எச்.டி.எஃப்.சி. லிமிடெட் எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்தது அதைவிடப் பல மடங்கு பெரிய இணைப்பு, ஆனால் வங்கியின் இந்திய ஆண்டறிக்கையில் அந்த இணைப்புக்கான குட்வில் என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டுமே பணம் கைமாறாமல் பங்குக்குப் பங்கு கொடுத்து நடந்தவைதானே, அப்படியிருக்க ஏன் இந்த வித்தியாசம், அதிலும் இதே வங்கி அமெரிக்காவில் தாக்கல் செய்யும் அறிக்கையில் மட்டும் குட்வில் தெரிகிறதே, எதை நம்புவது என்பது உங்கள் கேள்வி. இரண்டு பங்கும் கையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் யாராவது எதையாவது மறைக்கிறார்களா என்ற கவலைதான் உண்மையில் உங்களைக் கேட்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கம்பெனிக் கணக்குகளைத் தயாரிப்பதும் தணிக்கை செய்வதுமாக எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நடுத்தர அளவுக் கம்பெனிகளின் இணைப்புத் திட்டங்களில் கணக்குப் பகுதியைப் பலமுறை எழுதியிருக்கிறேன். வங்கிகளைப் பொறுத்தவரை கிளைத் தணிக்கைக்கு மேல் போனதில்லை, ஆகவே எச்.டி.எஃப்.சி. பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியிடப்பட்ட அறிக்கைகளையும் விதிகளையும் வைத்துத்தான், உள்ளே இருந்து பார்த்தது இல்லை.

சுருக்கமான பதில் இது. யூனிலீவர் பின்பற்றுவது இண்ட் ஏ.எஸ். என்கிற புதிய இந்திய விதிகளை, அதாவது உலக அளவிலான ஐ.எஃப்.ஆர்.எஸ். விதிகளின் இந்திய வடிவத்தை. பெரிய கம்பெனிகள் எல்லாம் 2016, 2017 ஏப்ரலிலிருந்து படிப்படியாக அதற்கு மாறிவிட்டன. வங்கிகள் மாறவில்லை. மாற வேண்டியதுதான், ஆனால் 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதைத் தள்ளி வைத்தது. அதனால் எச்.டி.எஃப்.சி. வங்கி இன்னும் பழைய இந்திய விதிகளில், இணைப்பைப் பொறுத்தவரை ஏ.எஸ். 14-இல் இருக்கிறது. ஏ.எஸ். 14 ஒரு குறிப்பிட்ட வகை இணைப்புக்கு 'பூலிங்' என்ற முறையை வைத்திருக்கிறது. வெளியார் கம்பெனியோடு இணைவதற்கு, புதிய விதிகளில் இணைப்புக்கான இண்ட் ஏ.எஸ். 103-இல் அந்த முறை கிடையாது, 'அக்விசிஷன்' முறை மட்டும்தான். வங்கியின் பங்குகள் நியூயார்க்கிலும் வர்த்தகமாவதால் அங்கே 20-எஃப் என்ற அறிக்கையை அமெரிக்க விதிப்படி கொடுக்கிறார்கள், அங்கேயும் பூலிங் கிடையாது. ஆக, யாரும் எதையும் மறைக்கவில்லை. ஒரே சம்பவத்தை இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாக எழுதச் சொல்கின்றன. ஆனால் அந்த 'இரண்டு விதம்' என்பது சாதாரண வித்தியாசம் இல்லை.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தால் இது சட்டென்று பிடிபடும், பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கம்பெனி, பங்கு மூலதனம் 20 கோடி, ரிசர்வ், அதாவது சேர்த்து வைத்த லாபம், 80 கோடி, ஆக நிகர சொத்து 100 கோடி. எப்போதோ வாங்கிய நிலம் இருக்கிறது, இன்றைக்கு விற்றால் புத்தகத்தில் உள்ளதைவிட 60 கோடி கூடுதலாகப் போகும். புத்தகத்தில் ஒரு பைசாகூடக் காட்டாத பிராண்ட் ஒன்றும் இருக்கிறது, அதன் மதிப்பு 90 கோடி, 15 வருடம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். வரி போக வருட லாபம் 30 கோடி. ஒரு பெரிய கம்பெனி இதைத் தன்னோடு இணைத்துக்கொள்ள, 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு கோடிப் பங்குகளைக் கொடுக்கிறது. சந்தையில் அந்தப் பங்கு 400 ரூபாய். அதாவது 400 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்குகிறார்கள்.

பூலிங் முறையில் சின்னக் கம்பெனியின் பேரேட்டை அப்படியே எடுத்துப் பெரிய கம்பெனியின் பேரேட்டோடு சேர்த்துத் தைத்துவிடுவோம். சொத்து 100 கோடி, பழைய புத்தக மதிப்பில். புதிதாகக் கொடுத்த பங்குகள் முகமதிப்பில் 10 கோடி. ரிசர்வ் 80 கோடி அப்படியே வரும், மூலதனத்தில் 20-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் ரிசர்வில் சரிசெய்யப்படும், அவ்வளவுதான். நிலத்தின் இன்றைய மதிப்பு, பிராண்ட் எதுவும் வராது. முக்கியமாக அந்த 400 கோடி என்ற எண் எங்கேயும் வராது. இரண்டு குடும்பங்கள் பாகம் பிரிக்காமல் ஒன்றாகக் குடிபுகுந்த மாதிரி, யாரும் யாரையும் வாங்கவில்லை என்ற எண்ணத்தில் எழுதப்படுகிற கணக்கு இது.

அக்விசிஷன் முறை ஒருவர் இன்னொருவரை வாங்கியிருக்கிறார் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. கொடுத்தது 400 கோடி. கிடைத்தது என்ன? புத்தகத்தில் இருந்த 100, நிலத்துக்குக் கூடுதல் 60, பிராண்ட் 90, மொத்தம் 250. இந்த 150 கோடி ஏற்றத்துக்கு டெஃபர்டு டாக்ஸ், அதாவது பின்னால் கட்ட வேண்டிவரும் வரி, என்று ஒரு பொறுப்பையும் காட்ட வேண்டும், 25 சதவீதம் என்றால் 37.5 கோடி. பரீட்சையில் பாதிப் பேர் விட்டுவிடுகிற இடம் இதுதான், வேலையிலும் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆக நிகரமாக அடையாளம் காட்ட முடிந்தது 212.5 கோடி, மிச்சம் 187.5 கோடி குட்வில். அடுத்த வருடத்திலிருந்து பிராண்டுக்கு வருடம் 6 கோடியைச் செலவாக எழுதித் தள்ளுவார்கள், அதற்குரிய டெஃபர்டு டாக்ஸ் 1.5 கோடி திரும்பி வரும், லாபம் 25.5 கோடி.

பழைய ஏ.எஸ். 14-இலேயே இரண்டாவதாக ஒரு முறை உண்டு, பர்ச்சேஸ் முறை. அதில் புத்தக மதிப்பிலும் எடுக்கலாம், நியாய மதிப்பிலும், அதாவது இன்று சந்தையில் பெறுகிற மதிப்பிலும், எடுக்கலாம். நியாய மதிப்பில் எடுத்தால், பழைய விதிகளின் வரிக் கணக்கு வேறு மாதிரி என்பதால் அந்த 37.5 வராது, குட்வில் 150 கோடி. அதை ஐந்து வருடத்துக்குள் எழுதித் தீர்க்க வேண்டும், கூடுதல் காலத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஒழிய. வருடம் 30 கோடி. பிராண்டுக்கு 6. அப்போது லாபம் 30 போய் 6 கோடி நட்டம். அதே தொழிற்சாலை, அதே சரக்கு, அதே வாடிக்கையாளர், வங்கியில் வந்து விழுகிற பணத்தில் ஒரு ரூபாய் மாற்றமில்லை. முதல் முறையில் 30 கோடி லாபம், இரண்டாவதில் 25.5, மூன்றாவதில் நட்டம். முதலீட்டின் மீதான வருவாயைப் பார்த்தால் இன்னும் மோசம். பூலிங்கில் 100 கோடிக்கு 30, அதாவது 30 சதவீதம். அக்விசிஷனில் 400 கோடிக்கு 25.5, ஆறரை சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே.

இப்போது உங்கள் யூனிலீவருக்கு வருவோம். 2018 டிசம்பரில் அறிவித்தபோது அந்த இணைப்பின் மதிப்பு 31,700 கோடி என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. கிளாக்ஸோ கம்பெனியின் ஒரு பங்குக்கு யூனிலீவரின் 4.39 பங்குகள் என்பது ஏற்பாடு. ஆனால் கணக்கில் ஏறியது 31,700 கோடி இல்லை. ஏனென்றால் அக்விசிஷன் முறையில், கொடுத்த பங்குகளின் மதிப்பைக் கட்டுப்பாடு கைமாறுகிற அன்றைய சந்தை விலையில் எடுக்க வேண்டும், பேசி முடித்த அன்றைய விலையில் இல்லை. கைமாறியது 2020 ஏப்ரல் 1. அதற்குள் யூனிலீவர் பங்கு ஏறியிருந்தது. சுமார் 18.46 கோடிப் பங்குகள், பங்குக்கு ஏறக்குறைய 2,180 ரூபாய், 40,242 கோடி. இடைப்பட்ட பதினாறு மாதத்தில் ஹார்லிக்ஸ் வியாபாரம் அதற்கேற்ப வளர்ந்ததா என்பதைப் பற்றி இந்த எண்ணுக்குக் கவலையில்லை. வாங்குகிறவரின் பங்கு ஏறினாலே குட்வில் ஏறும், இறங்கினால் குட்வில் இறங்கும். இதை நான் அக்விசிஷன் முறையின் ஒரு நிஜமான பலவீனமாகவே பார்க்கிறேன், விதியை எழுதியவர்களும் இதை அறிந்தேதான் வைத்திருக்கிறார்கள், அதைவிட நம்பகமான வேறு ஒரு தேதி இல்லை என்பதால்.

அதன் விளைவைப் பாருங்கள். 2020 மார்ச் முடிவில் யூனிலீவரின் தனிக் கணக்கில் நிகர மதிப்பு சுமார் 8,000 கோடி, அந்த வருட லாபம் 6,738 கோடி. ஒரு வருடம் கழித்து நிகர மதிப்பு 47,000 கோடிக்கு மேல், லாபம் 7,954 கோடி. 80 சதவீதத்துக்கு மேல் இருந்த பங்குதாரர் முதலீட்டு வருவாய் 17 சதவீதத்துக்கு வந்துவிட்டது. தொழிலில் எதுவும் கெடவில்லை. வாங்கிய விலை முழுவதும் புத்தகத்தில் ஏறியதுதான் காரணம். பிராண்டுகளுக்கென்று 27,000 கோடிக்கு மேல் இருக்கிறது. அதில் ஹார்லிக்ஸ் பெயரை மட்டும் கிளாக்ஸோ குழுமத்திடமிருந்து தனியாகப் பணம் கொடுத்து வாங்கிய 3,045 கோடியும் அடக்கம். இந்த பிராண்டுகளுக்கு ஆயுள் வரம்பு இல்லை என்று வைத்திருப்பதால் வருடா வருடம் எழுதித் தள்ளுவதும் இல்லை. நான் மேலே போட்ட கணக்கில் 15 வருடம் என்றது பழக்கத்துக்காக, நிஜத்தில் 'இந்தப் பெயர் எவ்வளவு காலம் விற்கும்' என்ற ஒரு தீர்மானமே லாபத்தைப் பல நூறு கோடிக்கு மாற்றிவிடும்.

எச்.டி.எஃப்.சி.யில் 2023 ஜூலை 1 அன்று நடந்தது இதற்கு நேர் எதிர். 25 எச்.டி.எஃப்.சி. லிமிடெட் பங்குகளுக்கு 42 வங்கிப் பங்குகள். புதிதாகக் கொடுத்தது சுமார் 311 கோடிப் பங்குகள், முகமதிப்பு ஒரு ரூபாய். வங்கியின் புத்தகத்தில் பங்கு மூலதனமாக ஏறியது அந்த 311 கோடி ரூபாய். சந்தையில் அப்போது பங்கு சுமார் 1,700 ரூபாய், பெருக்கிப் பாருங்கள், ஐந்தே கால் லட்சம் கோடி வருகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், அந்தத் தொகை முழுவதையும் வீட்டுக்கடன் தொழிலுக்குக் கொடுத்த விலை என்று எடுக்கக்கூடாது. எச்.டி.எஃப்.சி. லிமிடெட் கையில் வங்கியின் பங்குகளே சுமார் 21 சதவீதம் இருந்தது, இணைப்பில் அவை ரத்தாயின. அதற்கு ஈடாகப் போன பங்குகளைக் கழித்துத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் மிகப் பெரிய தொகைதான், அது இந்தியக் கணக்கில் இல்லை. கொடுத்திருந்த கடன்களும் டெபாசிட்டுகளும் ரிசர்வும் புத்தக மதிப்பில் வந்தன, இரண்டு நிறுவனங்களின் கணக்குக் கொள்கைகளையும் ஒன்றாக்குவதற்கான திருத்தங்களோடு. அந்தத் திருத்தமும் லேசுப்பட்டதில்லை. எச்.டி.எஃப்.சி. லிமிடெட் இண்ட் ஏ.எஸ்.-இல் இருந்தது, வங்கி பழைய விதியில், எனவே வந்தவரின் கணக்கைப் பழைய மொழிக்கு மாற்றி எழுதிய பிறகுதான் சேர்த்துத் தைக்க முடிந்தது.

அமெரிக்க அறிக்கையில் இதே ஜூலை 1, ஏ.எஸ்.சி. 805 என்ற விதிப்படி எழுதப்படுகிறது. கொடுத்த பங்குகள் சந்தை விலையில், கடன்கள் அன்றைய நியாய மதிப்பில், கண்ணுக்குத் தெரியாத சொத்துகள் தனியாக, மிச்சம் குட்வில். கடன்களை நியாய மதிப்புக்குக் கொண்டுவரும்போது புத்தக மதிப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், அந்தக் கடன்களின் ஆயுள் முழுவதும் வட்டி வருமானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். ஆகவே இணைப்புக்குப் பிறகு வரும் வருடங்களின் வட்டி வருமானமும் லாபமும்கூட இரண்டு அறிக்கைகளிலும் ஒன்றாக இருக்காது, குட்வில்லோடு வித்தியாசம் நின்றுவிடுவதில்லை. இந்த அறிக்கையில் ஒரு எண்ணையும் அந்த அறிக்கையில் ஒரு எண்ணையும் எடுத்து விகிதம் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, பூலிங் அவ்வளவு மோசமான முறையா என்றால், அது பிறந்தபோது நல்ல நோக்கத்தில்தான் பிறந்தது. சமபலம் உள்ள இரண்டு பேர் நிஜமாகவே ஒன்றுசேர்ந்தால் யார் யாரை வாங்கினார் என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் 1970-இல் வந்த விதி, பூலிங் வேண்டுமானால் பன்னிரண்டு நிபந்தனைகளைத் தாண்டி வா என்றது. ஆனால் நிபந்தனை என்று வந்தால் அதைத் தாண்டத் திட்டம் போடுகிறவர்களும் வந்துவிடுவார்கள். குட்வில் எழுதித் தள்ளும் சுமை இல்லாமல் லாபம் அழகாகத் தெரியும் என்பதற்காகவே ஒப்பந்தங்கள் அந்த அச்சில் வார்க்கப்பட்டன. 1999-இல் எக்ஸான், மொபில் என்ற எண்ணெய்க் கம்பெனிகள் இணைந்தது 80 பில்லியன் டாலர் அளவிலான சம்பவம், பூலிங் முறையில் எழுதப்பட்டது. 2001-இல் அமெரிக்கா பூலிங்கை அடியோடு நிறுத்தியது, 2004-இல் ஐ.எஃப்.ஆர்.எஸ். 3 வந்தபோது உலக விதிகளிலும் போய்விட்டது. பூலிங் போனதற்கு ஈடாக, குட்வில்லை வருடா வருடம் எழுதித் தள்ள வேண்டாம், மதிப்பு குறைந்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்தால் போதும் என்ற சலுகை வந்தது. அந்தச் சோதனை எவ்வளவு கடுமையாக இருக்க முடியும் என்பதை ஏ.ஓ.எல். டைம் வார்னர் என்ற அமெரிக்க ஊடகக் கம்பெனி உடனே காட்டியது, 2002 என்ற ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 99 பில்லியன் டாலர் நட்டம், பெரும்பகுதி குட்வில்.

நம் ஏ.எஸ். 14-இல் நிபந்தனைகள் ஐந்து. சொத்தும் கடனும் முழுதாக வர வேண்டும், முகமதிப்பில் 90 சதவீதமாவது பங்கு வைத்திருப்பவர்கள் இணைத்துக்கொள்ளும் கம்பெனியின் பங்குதாரர்களாக மாற வேண்டும், விலையை ஈக்விட்டிப் பங்காகத்தான் கொடுக்க வேண்டும் (பின்னப் பங்குக்கு மட்டும் பணம் தரலாம்), தொழிலைத் தொடர்ந்து நடத்தும் எண்ணம் இருக்க வேண்டும், கணக்குக் கொள்கையை ஒன்றாக்குவதைத் தவிர புத்தக மதிப்பைத் தொடக்கூடாது. ஐந்தும் இருந்தால் பூலிங், ஒன்று தவறினாலும் பர்ச்சேஸ். நான் ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது சி.ஏ. பயிற்சியில், இருந்தபோது என் சீனியர் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி எதிரே பென்சிலால் டிக் போடுவார். ஒருமுறை நான்கு டிக் விழுந்து மூன்றாவதில் பென்சில் நின்றது, பங்குதாரர்களில் ஒரு பிரிவுக்குக் கொஞ்சம் ரொக்கம் போவதாக இருந்தது. அடுத்த வாரம் திட்டத்தின் திருத்திய நகல் வந்தது, ரொக்கத்துக்குப் பதிலாகப் பங்கு. தொழில் காரணம் எதுவும் மாறவில்லை. நிபந்தனைகளை வைத்து முறையைத் தேர்ந்தெடுக்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அன்று பார்த்ததைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. இன்னொரு பக்கம், பழைய விதிகளில் கம்பெனியை இணைக்காமல் பங்குகளை மட்டும் வாங்கித் துணை நிறுவனமாக வைத்துக்கொண்டால் ஏ.எஸ். 21 என்ற வேறு விதி, அங்கே புத்தக மதிப்புக்கு மேல் கொடுத்தது மொத்தமும் குட்வில், நியாய மதிப்பு என்ற பேச்சே இல்லை. ஆக ஒரே கம்பெனியை வாங்கினாலும், சட்ட வடிவம் மாறினால் கணக்கும் மாறும். இண்ட் ஏ.எஸ். 103-இல் அந்தக் கோளாறு இல்லை, கட்டுப்பாடு யார் கைக்குப் போனது என்பது மட்டும்தான் கேள்வி.

ஆனால் இண்ட் ஏ.எஸ்.-இலும் பூலிங் ஒரு மூலையில் உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் பதில் தப்பாகிவிடும். ஒரே முதலாளியின் கட்டுப்பாட்டில் இருக்கிற இரண்டு கம்பெனிகள் இணைந்தால் 103-இன் பின்னிணைப்பு சி பூலிங்கைத்தான் கட்டாயமாக்குகிறது. அமெரிக்க விதியும் அப்படியே, பழைய புத்தக மதிப்பில்தான். ஐ.எஃப்.ஆர்.எஸ். 3 இந்த வகையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. அதற்கு விதி எழுத ஒரு திட்டத்தைத் தொடங்கி 2020-இல் கலந்தாய்வு அறிக்கைகூட வெளியிட்டு, 2023 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். அதனால் ஐரோப்பாவில் இரண்டு குழுமங்கள் ஒரே மாதிரி உள் இணைப்பை வேறு வேறாக எழுதியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், இந்தியாவில் அப்படி முடியாது.

இதில் ஒரு அனுபவம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரே குடும்பத்தின் இரண்டு கம்பெனிகள், ஒன்று உற்பத்தி, ஒன்று விற்பனை. இணைத்துவிட்டால் பிராண்டுக்கு நல்ல மதிப்புப் போட்டு நிகர மதிப்பைக் கூட்டிக் காட்டலாம், வங்கியில் கடன் லிமிட்டை ஏற்றிக் கேட்கலாம் என்று அந்தப் பெரியவர் நம்பிக்கொண்டிருந்தார். மதிப்பீட்டு அறிக்கையைக்கூடத் தயாராக வைத்திருந்தார். "உங்க வலது கையில இருந்து இடது கைக்கு மாத்துறீங்க அய்யா, விலைன்னு ஒண்ணு நடக்கவே இல்லையே" என்று சொன்னபோது அவருக்கு ஏமாற்றம்தான். அதைவிட, போன வருடத்துக் கணக்கையும் இரண்டும் அப்போதே ஒன்றாக இருந்த மாதிரி திருத்திக் காட்ட வேண்டும் என்றது அவருக்கு ஏற்கவே இல்லை, முடிந்துபோன வருடத்தை ஏன் கிளறுகிறீர்கள் என்று மூன்று முறை கேட்டார். பின்னிணைப்பு சி அதைத்தான் சொல்கிறது. எச்.டி.எஃப்.சி. விஷயம் இந்த வகையில் சேராது, லிமிடெட்டும் வங்கியும் ஒரே கட்டுப்பாட்டில் இருந்தவை இல்லை, அங்கே பூலிங் வந்தது ஏ.எஸ். 14 வழியாக.

மூன்று நவீன விதிகளும், அதாவது ஐ.எஃப்.ஆர்.எஸ். 3, இண்ட் ஏ.எஸ். 103, அமெரிக்க 805, எலும்புக்கூட்டில் ஒன்றுதான், 2007-08-இல் ஐ.எஃப்.ஆர்.எஸ். தரப்பும் அமெரிக்கத் தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியதால். நடைமுறையில் உறுத்துகிற வித்தியாசங்கள் சில உண்டு. 100 சதவீதம் வாங்காமல் 70 சதவீதம் வாங்கினால், மீதி 30 சதவீதக்காரர்களின் பங்கை முழு நியாய மதிப்பில் காட்டுவதா, நிகர சொத்தில் அவர்கள் விகிதப்படி காட்டுவதா என்று முதல் இரண்டும் நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன, அமெரிக்காவில் முழு நியாய மதிப்பு மட்டும்தான். விகிதப்படி எடுத்தால் குட்வில் குறையும், பின்னால் மதிப்புச் சரிந்தால் நட்டமும் குறையும். இதைவிட எனக்குப் பிடித்த வித்தியாசம் மலிவாக வாங்குவது பற்றியது. 250 கோடி பெறுமானமுள்ளதை 220 கோடிக்கு வாங்கினால் அந்த 30 கோடியை ஐ.எஃப்.ஆர்.எஸ்.-உம் அமெரிக்காவும் அன்றே லாபத்தில் காட்டச் சொல்கின்றன. இந்தியா மறுத்துவிட்டது. இங்கே அது லாப நட்டக் கணக்கைத் தொடாமல், பிற விரிவான வருமானம் வழியாகவோ நேரடியாகவோ கேபிடல் ரிசர்வுக்குப் போகும். வாங்குவதிலேயே லாபம் சம்பாதித்துவிட்டதாகக் காட்ட ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கை போதும் என்ற நிலை வரக்கூடாது என்பது அதன் பின்னால் உள்ள அச்சம், அந்த அச்சம் நியாயமானது என்பது என் கட்சி.

குட்வில் ஏறிய பிறகு என்ன ஆகும் என்பதில்தான் உலகம் இன்னும் பிரிந்து கிடக்கிறது. ஜப்பானிய விதி 20 வருடத்துக்குள் எழுதித் தள்ளச் சொல்கிறது. அமெரிக்காவில் தனியார் கம்பெனிகள் 10 வருடத்துக்குள் எழுதிக்கொள்ளலாம், பட்டியலிட்டவை சோதனை மட்டும். அங்கேயும் எழுதித் தள்ளலைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று பேசி 2022-இல் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார்கள், ஐ.எஃப்.ஆர்.எஸ். தரப்பும் அதே வருடம் சோதனையே இருக்கட்டும் என்று முடிவெடுத்தது. அந்தச் சோதனையை நான் பலமுறை செய்து பார்த்தவன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். குட்வில்லைத் தனியாகச் சோதிக்க முடியாது, அது சேர்ந்திருக்கிற தொழில் பிரிவோடு சேர்த்துத்தான் சோதிப்போம். வாங்கிய தொழில் படுத்துவிட்டாலும் ஏற்கெனவே இருந்த தொழில் நன்றாக ஓடினால் சோதனை தேறிவிடும், அண்ணன் சம்பளத்தில் தம்பியின் கடன் வெளியே தெரியாமல் போகிற மாதிரி. அப்புறம் அந்த எக்செல் தாளில் வளர்ச்சி விகிதத்தை அரை சதவீதம் நகர்த்தினால் நூற்றுக்கணக்கான கோடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். குட்வில் குறைக்கப்படவில்லை என்பதை வைத்து, வாங்கியது நல்ல முடிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொன்னால், எந்த முறையிலும் மாறாதது பணவரவு, எத்தனை பங்குகள் கொடுத்தார்கள் என்பது, அதனால் உங்கள் பங்கு எவ்வளவு நீர்த்துப்போனது என்பது. வரியும் இதற்குள் வராது, வருமான வரிச் சட்டத்தில் இணைப்புக்குத் தனி வரையறை, அங்கே ஏ.எஸ். 14-இன் 90 சதவீதப் பங்குதாரர் நிபந்தனை இல்லை, முக்கால் பங்கு போதும், குட்வில்லுக்குத் தேய்மானம் 2021 நிதிச் சட்டத்தோடு நின்றுவிட்டது. மதிப்பீடு சார்ந்தது பிராண்டின் விலை, அதன் ஆயுள், குட்வில், சோதனை முடிவு. 27,000 கோடி என்பது நேர்மையாகப் போட்ட எண்ணாகவே இருக்கலாம், இன்னொரு நேர்மையான மதிப்பீட்டாளர் வேறு எண்ணைப் போடவும் வாய்ப்புண்டு. இருந்தாலும் என் தேர்வைக் கேட்டால் அக்விசிஷன் முறைதான். அதில் தவறான எண்கள் இருக்கலாம், ஆனால் 'உங்கள் பங்குகளைக் கொடுத்து இவ்வளவுக்கு வாங்கினோம், இதற்கு வருமானம் காட்டு' என்று பின்னால் நிர்வாகத்தைக் கேட்க ஒரு எண் இருக்கிறது. பூலிங்கில் கேட்பதற்கு எண்ணே இல்லை.

உங்கள் இரண்டு பங்குகளுக்கும் செய்ய வேண்டியது இது. யூனிலீவரில் 2020 மார்ச்சுக்கு முந்தைய வருவாய் விகிதத்தையும் பிந்தையதையும் ஒரே கோட்டில் வைத்து விழுந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். பழைய தொழில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, குட்வில்லையும் வாங்கிய பிராண்டுகளையும் கழித்து ஒருமுறை போடுங்கள், வாங்கியது தேறியதா என்று பார்க்கக் கழிக்காமல் ஒருமுறை போடுங்கள். வங்கியில் இந்திய அறிக்கையின் விகிதங்களை மற்ற இந்திய வங்கிகளோடு ஒப்பிடலாம், அவர்களும் பழைய விதியில்தான் இருக்கிறார்கள். இணைப்பு உங்களுக்கு லாபமா என்று பார்க்க மட்டும் 20-எஃப் அறிக்கையை எடுங்கள், அதில் இணைப்பு பற்றிய குறிப்பில் விலை, கடன்களின் நியாய மதிப்பு, குட்வில் மூன்றும் ஒரே அட்டவணையில் இருக்கும். அந்த அட்டவணையை ஒரு பக்கமும் இந்திய ஆண்டறிக்கையில் உள்ள இணைப்புக் குறிப்பை இன்னொரு பக்கமும் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரி வரியாகப் படித்துப் பாருங்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.